மஸ்டாங்கின் முன்புறப் பிரேக்கும் சஸ்பென்ஷனும்

1964 ஏப்ரலில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ஃபோர்டு மஸ்டாங்கில், நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்தான் வழக்கம். டிரம்முக்குள் சூடு அடைபடும். மலையிறக்கத்தில் திரும்பத் திரும்ப மிதித்தால் பிடிமானம் தளர்ந்துவிடும். டிஸ்க் பிரேக்கிலோ, டிஸ்க் திறந்த காற்றில் சுழல்வதால் சீக்கிரம் ஆறுகிறது.

முன்சக்கரங்களை டிஸ்க்குக்கு மாற்றும்போது மாஸ்டர் சிலிண்டரையே முதலில் கவனிக்க வேண்டும். 1966 மாடல் வரை அது ஒற்றைச் சுற்று: ஒரு குழாய் கசிந்தாலே நான்கு சக்கரங்களிலும் பிரேக் போய்விடும். உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனிச் சுற்றுள்ள இரட்டைச் சிலிண்டரைப் பொருத்துவதில் சிக்கனம் கூடாது. பின் டிரம்முக்குப் போகும் அழுத்தத்தைக் குறைக்க ஒரு வால்வும் வேண்டும். இல்லாவிட்டால் அவசரமாக மிதிக்கும்போது பின்சக்கரங்கள் முதலில் இறுகி, கார் சுழன்றுவிடக்கூடும். பெரிய காலிப்பர் பழைய 14 அங்குல வீலுக்குள் அடங்குமா என்று வாங்குமுன் அளந்துகொள்வது நல்லது.

சஸ்பென்ஷனில் செலவு குறைந்த, பலன் மிகுந்த வேலை, பந்தயக் கார் தயாரிப்பாளர் கரோல் ஷெல்பி மஸ்டாங்கிலிருந்து உருவாக்கிய 1965 ஜிடி350 கார்களில் செய்ததுதான். மேல் கன்ட்ரோல் ஆர்மைப் பிடிக்கும் துளைகளை ஓர் அங்குலம் கீழே புதிதாகப் போடுகிறார்கள். வளைவில் கார் சாயும்போது வெளிப்புறச் சக்கரம் முன்பைவிட நேராக நின்று, டயர் சாலையை அகலமாகப் பற்றும். பிறகு வீல் அலைன்மென்ட் செய்தே ஆக வேண்டும்; தேய்ந்த பால் ஜாயின்ட்டுகளையும் புஷ்ஷுகளையும் அதே கையோடு மாற்றிவிடலாம்.