தீப்பொறி வரையும் கோடு

பெற்றோல் கார் திக்கித் திணறினால் முதலில் பிளக்கை மாற்றுவார்கள், பிறகு கொயிலை. வாப்பாவின் பழைய வாடகைக் காரில்தான் எங்கள் குடும்பம் ஓடுகிறது. ஊகத்தில் மாற்றும் ஒவ்வொரு பாகமும் ஒரு நாள் உழைப்பு. உயர்தரப் பௌதிகவியலில் நாம் படிக்கும் அலைவுகாட்டி, ஊகிக்காமல் பார்க்க உதவும்.

கொயிலில் மின்னோட்டம் திடீரெனத் துண்டிக்கப்படும்போது, மின்காந்தத் தூண்டலால் பல்லாயிரம் வோல்ற்று எழுகிறது. அதை நேரடியாக அலைவுகாட்டியில் இணைப்பது ஆபத்து. எஞ்சினை நிறுத்திவிட்டு, பிளக் வயரின் உறைக்கு மேல், காவலிட்ட கம்பியைச் சுற்ற வேண்டும். பெரியவர் ஒருவர் அருகில் இருக்க வேண்டும்.

எஞ்சின் ஓடும்போது திரையில் ஓர் உயர்ந்த சிகரம் தோன்றும்: தீப்பொறி பிறக்கும் கணம். பின்பு ஏறத்தாழ 1 முதல் 2 மில்லிசெக்கன் வரை நீளும் கோடு: அது எரியும் நேரம். முடிவில் அடங்கும் அலைகள்.

நான்கு வயர்களையும் ஒப்பிடுங்கள். ஒன்றில் மட்டும் சிகரம் உயர்ந்து கோடு குறுகினால், பிளக்கின் இடைவெளி கூடியிருக்கலாம், வயரும் பழுதாகியிருக்கலாம். சிகரம் தாழ்ந்து கோடு நீண்டால், பிளக்கில் கரி படிந்திருக்கலாம். நான்கிலும் இறுதி அலைகள் குறைந்தால் கொயிலைச் சந்தேகிக்கலாம்.

திருத்துவது கராஜ் பாஸின் வேலை. எதைத் திருத்துவது என்று தெரிந்துகொண்டு போனால் வீண்செலவு மிச்சம்.