நின்றபடி சுழலும் கதிர்

நிமிடத்துக்கு 18,000 முறை சுழலும் ஸ்பிண்டில் என்ற கம்பியை நிறுத்தாமல், தொடாமல் அதன் வேகத்தை அளக்க வேண்டும். திண்டுக்கல்லைச் சுற்றி வேடசந்தூர், வடமதுரைப் பக்கம் இருக்கும் நூற்பாலைகளில் இதற்கு ஒரு கைவிளக்கு வைத்திருப்பார்கள். பெயர் ஸ்ட்ரோபோஸ்கோப். சீரான இடைவெளியில் படபடவென்று மின்னும். மின்னும் வேகத்தைத் திருகிச் சரிசெய்துகொண்டே போனால், ஓரிடத்தில் ஸ்பிண்டில் அப்படியே நின்றுவிட்டது போலத் தெரியும். அது நிற்கவில்லை. ஒவ்வொரு மின்னலுக்கும் இடையில் சரியாக ஒரு சுற்றை முடித்துவிட்டுப் பழைய நிலைக்கே வந்துவிடுகிறது. நடுவில் நடந்தது நம் கண்ணுக்கு எட்டவில்லை. அப்போது விளக்கில் தெரியும் எண்தான் ஸ்பிண்டிலின் வேகம்.

ஒரு சிக்கல் உண்டு. விளக்கு நிமிடத்துக்கு 9,000 முறை மின்னினாலும் அதே ஸ்பிண்டில் நின்றுதான் தெரியும், இரண்டு சுற்றுக்கு ஒருமுறை பார்க்கிறோம் என்பதால். எனவே ஸ்பிண்டிலில் ஒரு குறி போட்டு, அந்தக் குறி ஒன்றே ஒன்றாகத் தெரியும் அதிகபட்ச எண்ணைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். 36,000-க்கு ஏற்றினால் ஒரு குறி இரண்டாகிவிடும். வரிசையில் ஒரு ஸ்பிண்டில் மட்டும் மெல்லப் பின்னோக்கி நகர்வது போலத் தெரிந்தால் அது வேகம் குறைந்தது என்று பொருள். பெரும்பாலும் அதை ஓட்டும் டேப் தளர்ந்திருக்கும். அதில் ஏறும் நூலில் முறுக்கு குறையும், நாளைக்குத் தறியில் அது அறும்.

இந்த விளக்கின் பெயரில் ஒரு பழைய கிரேக்கச் சொல் இருக்கிறது. 1832-இல் வியன்னாவில் சைமன் ஸ்டாம்ஃபர் என்பவர், சுழற்றினால் படங்கள் அசைவதுபோலத் தெரியும் வட்டுகளைச் செய்து, 'ஸ்ட்ரோபோஸ்' என்ற சொல்லை வைத்து அவற்றுக்குப் பெயரிட்டார். ஸ்ட்ரோபோஸ் என்றால் சுழற்சி. அதே குடும்பத்தைச் சேர்ந்த 'ஸ்ட்ரோபிலோஸ்' பம்பரத்தைக் குறிக்கும்.

அந்தப் பம்பரத்தை வைத்து பிளேட்டோ ஒரு வழக்கே நடத்தியிருக்கிறார். 'குடியரசு' நூலின் நான்காம் பகுதியில், ஒரே பொருள் ஒரே நேரத்தில் நிற்கவும் அசையவும் முடியுமா என்ற கேள்வி வருகிறது. ஓரிடத்திலேயே ஊன்றிச் சுழலும் பம்பரம் நிற்கிறதே, அசையவும் செய்கிறதே என்று யாராவது மடக்கலாம். அதற்கு அவர் சொல்லும் பதில்: அச்சு நிற்கிறது, விளிம்பு ஓடுகிறது, இரண்டும் வேறு வேறு பகுதி. மனத்துக்குள்ளும் ஒன்றையொன்று இழுக்கும் பகுதிகள் உண்டு என்று காட்டுவதற்காகத்தான் அவர் இதை எடுத்தார். எனக்கு அந்த முடிவைவிடப் பம்பரம்தான் பிடித்திருக்கிறது. தெருவில் பம்பரம் விட்ட எவருக்கும் அவர் சொல்வது உடனே புரியும்.

'சுழல்வது' என்று ஒரே சொல்லில் அடக்கும் ஒன்றுக்குள் பல அசைவுகள் இருக்கின்றன. நூல் நூற்கும் ரிங் ஃப்ரேம் இயந்திரத்தின் முன்னால் நின்று பார்த்தால் அவை தனித்தனியாகத் தெரியும்.

ஸ்பிண்டில் தன் அச்சில் தானே சுழல்கிறது. பழைய தமிழில் அதற்குக் கதிர் என்று பெயர். அதைச் சூழ ஒரு வளையம் இருக்கும். வளையத்தின் விளிம்பில் டிராவலர் என்ற சிறு உலோகக் கொக்கி ஓடும். இது தன்னில் சுழல்வதில்லை. கதிரைச் சுற்றி வருகிறது. அதை ஓட்டுவதற்கு எந்த மோட்டாரும் கிடையாது, நூலே இழுத்துக்கொண்டு போகிறது. வளையத்தின் விட்டம் 38 மில்லிமீட்டர் என்றால், 18,000 சுற்று வேகத்தில் அந்தக் கொக்கி மணிக்கு 125 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. நாலுவழிச் சாலையில் அந்த வேகத்தில் போனால் அபராதம்தான்.

கொக்கி ஒரு சுற்று வந்தால் நூலில் ஒரு முறுக்கு ஏறும். இது மூன்றாவது அசைவு: இழைகள் ஒன்றையொன்று கட்டிப் பிடித்துக்கொள்வது. கொக்கி எப்போதும் கதிரைவிடக் கொஞ்சம் பின்தங்கும். அந்தப் பின்தங்கல்தான் கதிரில் செருகிய பாபினில் நூலைச் சுற்ற வைக்கிறது. இரண்டும் சரிசமமாக ஓடினால் முறுக்கு மட்டும் ஏறிக்கொண்டிருக்கும், பாபினில் ஒரு சுற்றுகூட விழாது. 40-ஆம் நம்பர் பாவு நூலுக்கு அங்குலத்துக்கு ஏறத்தாழ 25 முறுக்கு வேண்டும். அவ்வளவு வேகத்தில் ஓடினாலும் ஒரு கதிர் நிமிடத்துக்கு 18 மீட்டர் நூல்தான் தருகிறது. ஆயிரக்கணக்கில் கதிர்களை வரிசையாக நிறுத்தினால்தான் ஆலைக்குக் கட்டுப்படியாகும் என்பது இதிலிருந்தே தெரியும். வளையத்தை வைத்து நூற்கும் இந்த முறைக்கு 1828-இல் அமெரிக்காவில் ஜான் தோர்ப் காப்புரிமை பெற்றார். ஏகாம்பரநாதன் என்ற தமிழர் உருவாக்கிய அம்பர் சர்க்கா இதே வளையத்தைக் கைராட்டைக்குள் கொண்டுவந்தது.

கிரேக்கரும் இந்த அசைவுகளைப் பிரித்துத்தான் பேசினார்கள். நூற்பதற்கு 'க்ளோதெயின்' என்ற சொல் தனி. மனிதரின் ஆயுள் நூலை நூற்கும் தேவதைக்கு அதிலிருந்துதான் க்ளோதோ என்று பெயர். தக்களியின் அடியில் கனத்துக்காகச் செருகும் வில்லை 'ஸ்போண்டிலோஸ்'. முதுகெலும்பின் ஒவ்வொரு கணுவையும் அதே சொல்லால் அழைத்தார்கள். கழுத்துவலிக்கு மருத்துவர் எழுதித் தரும் ஸ்பாண்டிலைடிஸ் அங்கிருந்து வந்ததுதான். சுடுமண்ணால் செய்த இத்தகைய வில்லைகள் நம் கீழடி அகழாய்விலும் கிடைத்திருக்கின்றன.

நீரும் காற்றும் சுழல்வதற்கு 'தினே', 'தினோஸ்' என்று வேறு சொற்கள். உலகமே ஒரு பெருஞ்சுழலில் உருவானது என்று டெமாக்ரிட்டஸ் போன்றோர் சொல்லிவந்தனர். கி.மு. 423-இல் மேடையேறிய 'மேகங்கள்' நாடகத்தில் அரிஸ்டோஃபனீஸ் இதைக் கேலி செய்கிறார். மேகங்களை ஓட்டுவது சீயஸ் கடவுள் இல்லை, தினோஸ்தான் என்று சாக்ரடீஸ் சொல்ல, கிழவர் ஸ்ட்ரெப்சியாடீஸ் அதைச் சுழல் என்று எடுத்துக்கொள்ளவில்லை. சீயஸை விரட்டிவிட்டு தினோஸ் என்ற புது ராஜா பட்டத்துக்கு வந்துவிட்டான் என்று நம்பிவிடுகிறார்.

நமக்கு அந்த இடத்தில் சுழி இருக்கிறது. குடகனாற்றில் வெள்ளம் வரும்போது பாலத்தூணுக்குப் பின்னால் விழுவதும் சுழி, சந்தையில் மாட்டின் நெற்றியில் பார்த்து விலை பேசுவதும் சுழி.

கடைசியாகத் திசை. வலம், இடம் என்று சொல்வது எளிது, ஆனால் எந்தப் பக்கமிருந்து பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து அது மாறிவிடும். நாம் வலம்புரி என்று போற்றும் சங்கை விலங்கியலார் இடப்பக்கம் சுருண்டது என்றே வகைப்படுத்துகிறார்கள். பஞ்சாலைக்காரர்கள் இந்தத் தகராறை இரண்டு ஆங்கில எழுத்துகளால் தீர்த்துவிட்டார்கள்: எஸ் முறுக்கு, இசட் முறுக்கு. நூலின் புரி அந்த எழுத்தின் நடுக்கோடு சாயும் பக்கம் சாய்ந்தால் அதுவே அதன் பெயர். நூலைத் தலைகீழாகப் பிடித்தாலும் சாய்வு மாறாது, எழுத்தும் மாறாது. பெரும்பாலான ஒற்றை நூல் இசட். இரண்டை இணைத்து இரட்டை நூலாக்கும்போது எஸ் பக்கம் முறுக்குவார்கள். எதிர்முறுக்கு இல்லாவிட்டால் நூல் தானே சுருண்டு சிக்கலாகும். தையல் நூல் இதற்கு நேர்மாறு. ஒற்றைகள் எஸ், இணைப்பு இசட். தையல் இயந்திரம் தைக்கத் தைக்க நூலின் எஸ் முறுக்கை அவிழ்க்கும் பக்கமாகவே திருகும் என்பதால், தையல்காரருக்கு இணைப்பு முறுக்கு இசட்டாக இருந்தாக வேண்டும்.