601201 (எண்)

601201 (ஆறு இலட்சத்து ஆயிரத்து இருநூற்று ஒன்று) என்பது 601200-க்கும் 601202-க்கும் இடையில் உள்ள இயல் எண் ஆகும். இது ஒரு பகா எண். திருவள்ளூர் மாவட்டத்தில் சிப்காட் தொழில் வளாகம் அமைந்துள்ள கும்மிடிப்பூண்டியின் அஞ்சல் குறியீட்டு எண்ணும் (பின்கோடு) இதுவே.

பகா எண் என அறிதல்

ஓர் எண் பகு எண் எனில், அதன் வர்க்கமூலத்தை மிஞ்சாத பகாக் காரணி ஒன்றேனும் அதற்கு இருக்க வேண்டும். 775-இன் வர்க்கம் 600625. 776-இன் வர்க்கம் 602176. எனவே 775 வரை உள்ள 137 பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும்.

கடைசி இலக்கம் 1 என்பதால் இந்த எண் 2, 5 ஆகியவற்றால் வகுபடாது. இலக்கங்களின் கூடுதல் 10 என்பதால் 3-ஆலும் வகுபடாது. 7-ஆல் வகுத்தால் மீதி 6, 11-ஆல் வகுத்தால் மீதி 7, 13-ஆல் வகுத்தால் மீதி 3. 167 × 3600 = 601200 என்பதால் 167-ஆல் வகுக்கும்போது மீதி 1 வருகிறது. மற்றப் பகா எண்களும் இதனை மீதியின்றி வகுப்பதில்லை.

இரு வர்க்கங்களின் கூடுதல்

4-ஆல் வகுக்க மீதி 1 தரும் ஒவ்வொரு பகா எண்ணையும் இரு வர்க்கங்களின் கூடுதலாக ஒரே ஒரு வழியில் எழுதலாம். 17-ஆம் நூற்றாண்டில் ஃபெர்மா கூறிய இதனை 18-ஆம் நூற்றாண்டில் ஆய்லர் நிறுவினார். 601201 இவ்வகையைச் சேர்ந்தது. இதிலிருந்து 775-இன் வர்க்கத்தைக் கழித்தால் கிடைக்கும் 576, 24-இன் வர்க்கமாகும்:

601201 = 775² + 24²

அஞ்சல் குறியீடாக

இந்தியாவில் அஞ்சல் குறியீட்டு எண் முறை 1972 ஆகஸ்டு 15 அன்று அறிமுகமானது. முதல் இலக்கமான 6, தமிழ்நாடும் கேரளமும் அடங்கிய மண்டலத்தைக் குறிக்கிறது. முதல் மூன்று இலக்கங்கள் தபால் பிரிக்கும் மாவட்டத்தையும், கடைசி மூன்று இலக்கங்கள் பட்டுவாடா செய்யும் அஞ்சலகத்தையும் காட்டுகின்றன. இந்த முறையில் பகா எண்ணுக்குத் தனி இடம் ஏதும் இல்லை. மாவட்டத் தலைநகரான திருவள்ளூரின் குறியீடு 602001. அது 9 × 66889 என்னும் பகு எண்.

எழுதும்போது நேரும் பிழை

601201-இல் மூன்றாம், நான்காம் இலக்கங்கள் இடம் மாறினால் 602101 ஆகிவிடும். இரண்டிலும் இலக்கங்களின் கூடுதல் 10 தான். ஆகவே கூட்டிப் பார்த்து இப்பிழையைக் கண்டுபிடிக்க முடியாது. பகா எண்ணா என்று சோதிப்பதும் உதவாது. பின்கோடுகளில் இரு வகை எண்களும் உள்ளன.

ஆதார் எண்ணில் நிலைமை வேறு. அதன் 12 இலக்கங்களில் கடைசி இலக்கம், மற்றப் பதினொன்றிலிருந்து வெர்ஹூஃப் முறைப்படி கணக்கிடப்படும் சரிபார்ப்பு இலக்கமாகும். ஓர் இலக்கம் தவறினாலும், அடுத்தடுத்த இரு இலக்கங்கள் இடம் மாறினாலும் அது காட்டிக்கொடுத்துவிடும். பின்கோட்டில் அத்தகைய இலக்கம் இல்லை. அதனால் முகவரியில் ஊர், மாவட்டம் ஆகியவற்றின் பெயர்களையும் தெளிவாக எழுதுவது அவசியம். எண்ணில் பிழை நேர்ந்தால் அஞ்சல் ஊழியர் அதனைக் கண்டறிய உதவுபவை அப்பெயர்களே.