உங்களுக்குத் தெரியுமா? கட்டுச்சோற்றில் என்ன இருக்கிறது?

பங்காருபாளையம் மாங்காய் மண்டியில் ஒரே கணினி இரண்டு மொழியில் ரசீது அடிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். தோட்டக்காரருக்குத் தெலுங்கில், கிளிமூக்கு மாங்காய் வாங்கவந்த கிருஷ்ணகிரி கூழ் ஆலைக்காரருக்குத் தமிழில். இதற்காக இரண்டு நிரல் எழுதத் தேவையில்லை. கணக்கு நிரல், அச்சு நிரலைக் கிளப்பிவிடும்போது ‘லாங்’ என்ற சூழல் மாறியில் (ஒரு நிரல் தான் கிளப்பும் நிரலுக்குப் பெயரிட்டுக் கொடுத்தனுப்பும் மதிப்பு) ஒருமுறை ‘தெலுங்கு–இந்தியா’, மறுமுறை ‘தமிழ்–இந்தியா’ என்று வைத்துக் கொடுத்தால் போதும். மாதப் பெயரும், மொழிபெயர்த்து வைத்திருக்கும் வாசகங்களும் தாமாக மாறும். ஒரு நிபந்தனை: அந்த மொழி அமைப்பு கணினியில் நிறுவியிருக்க வேண்டும். இல்லையென்றால் லினக்ஸ் பெரும்பாலும் முணுமுணுக்காமல் ஆங்கிலத்துக்குப் போய்விடும்.

மூன்று மாநிலம் உரசும் அந்தப் பக்கத்துக்கென்றே செய்ததுபோல் இன்னொரு மாறியும் உண்டு: ‘லாங்குவேஜ்’. அதில் தெலுங்கு, தமிழ், கன்னடம் என்று வரிசையாக எழுதிவிடலாம். முதல் மொழியில் வாசகம் கிடைக்காவிட்டால் நிரல் அடுத்ததைத் தேடும்.

சூழல் மாறிகள் யுனிக்ஸுக்கு வந்தது 1979-ல், 7-ஆம் பதிப்போடு. அன்று வகுத்த விதி இன்றும் மாறவில்லை. தாய் நிரல் பிள்ளையைக் கிளப்பும் நேரத்தில் கையில் கொடுப்பது ஒரு நகல்தான். கட்டுச்சோறு மாதிரி: வண்டி ஏறியபிறகு அம்மா வீட்டில் எது சமைத்தாலும் பொட்டலத்தில் சேராது, பிள்ளை பொட்டலத்தைப் பிரித்து என்ன செய்தாலும் வீட்டுச் சட்டி குறையாது. நிரல்களை எந்தெந்த அடைவுகளில் தேடுவது என்று சொல்லும் ‘பாத்’ மாறியைப் பிள்ளை நிரல் மாற்றிவிட்டுப் போனது, தாய்க்கு ஏன் தெரியவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். தெரியாது, தெரியவும் வழியில்லை.

பைத்தானில் வெளி நிரலைக் கிளப்பும் ‘சப்புராசஸ்’ 2004-ல் 2.4-ஆம் பதிப்பில் வந்தது. அதில் ‘என்வ்’ என்று நீங்கள் கொடுக்கும் பட்டியல் பழையதோடு சேராது, பழையதை அப்படியே தள்ளிவிட்டு அதன் இடத்தில் உட்காரும். ஒரே ஒரு மாறியைச் சேர்க்க நினைத்து அதை மட்டும் கொடுத்தால் ‘பாத்’, ‘ஹோம்’ எல்லாம் காலி. விண்டோஸில் ‘சிஸ்டம்ரூட்’ காணாமல்போனால் சில நிரல்கள் எழுந்திருக்கவே மாட்டா. முதலில் இருப்பதை நகலெடுத்து, அதில் சேர்த்துக் கொடுப்பதுதான் வழி. அதே 2004-ல் வந்த ஜாவா 5-இன் ‘புராசஸ்பில்டர்’ அந்த நகலைத் தானே எடுத்து வைத்திருக்கும். வேண்டியதைச் சேர்த்தால் ஆயிற்று. என் ஓட்டு ஜாவாவுக்கு. இத்தனைக்கும் அதற்கு முந்தைய பதிப்புகள் சிலவற்றில் சூழல் மாறியைப் படிக்கக் கேட்டாலே பிழைதான் பதிலாக வரும்!

இன்னொரு குழப்பம். பிள்ளைக்குப் புது ‘பாத்’ கொடுக்கிறீர்கள். நிரல் எங்கே இருக்கிறது என்று தேடுவது எந்தப் ‘பாத்’தில்? லினக்ஸில் பைத்தான் பிள்ளைக்குக் கொடுத்ததில் தேடும். ‘கோ’ மொழி தாயுடையதில் தேடும்.

நேர மண்டலமும் சூழல் மாறிதான். ‘ஆசியா/கொல்கத்தா’ என்று எழுதினால் தொல்லையில்லை. மணிக்கணக்காக எழுதப்போனால் பொறி இருக்கிறது: அங்கே கிழக்குக்குக் கழித்தல் குறி. நம் நேரம் கூட்டல் ஐந்தரை என்று பள்ளியில் படித்ததை நம்பிக் கூட்டல் போட்டால் கடிகாரம் 11 மணி நேரம் பின்னால் போகும். காலை 6 மணிக்கு எடைபோட்ட லோடுக்கு முந்தைய நாள் இரவு 7 மணி ரசீது!

கையால் ஓட்டினால் ஓடும் நிரல், குறித்த நேரத்தில் நிரல்களை ஓட்டிவைக்கும் ‘கிரான்’ வழியாக ஓட்டினால் படுத்துக்கொள்வது ஏன்? கிரான் உங்கள் முனையத்தின் சூழலைக் கொடுப்பதில்லை. டெபியனில் அது தரும் ‘பாத்’தில் இரண்டே அடைவுகள்.

சூழல் மாறியால் உலகமே ஆடிய நாள் 2014 செப்டம்பர் 24. ‘ஷெல்ஷாக்’ ஓட்டை அன்று வெளிவந்தது. கண்டுபிடித்தவர் ஸ்டெஃபான் ஷசெலா. ‘பாஷ்’ ஷெல்லில், ஒரு செயற்கூற்றைச் சூழல் மாறியில் வைத்துப் பிள்ளைக்கு அனுப்ப வசதி உண்டு. பிள்ளை பாஷ் எழுந்ததும் அதைப் படிக்கும். செயற்கூறு முடிந்த இடத்தில் நிறுத்தாமல், பின்னால் ஒட்டியிருந்த கட்டளையையும் சேர்த்து இயக்கிவிட்டது, அதுதான் ஓட்டை. பழைய பாணி வலைச் சேவையகங்கள் ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு வெளி நிரலைக் கிளப்பும். வருகிறவரின் உலாவி தன் பெயராக என்ன சொல்கிறதோ அதை அப்படியே சூழல் மாறியில் போட்டுக் கொடுக்கும். அந்த வெளி நிரல் பாஷை எழுப்பினால் போதும், உலாவிப் பெயர் என்ற இடத்தில் கட்டளை எழுதி அனுப்பிய யாரோ ஒருவர், கடவுச்சொல் எதுவும் இல்லாமலே, சேவையகத்தில் தன் வேலையை நடத்திக்கொள்ள முடிந்தது. இந்த ஓட்டை 1989-லிருந்தே அங்கே இருந்தது. கால் நூற்றாண்டாகக் கோடிக்கணக்கான கணினிகளில்!

கடவுச்சொல்லைச் சூழல் மாறியில் வைத்தால் பத்திரம் என்பவர்கள், லினக்ஸில் ‘புராக்’ அடைவுக்குள் ஒருமுறை எட்டிப்பார்க்கட்டும். ஓடும் ஒவ்வொரு நிரலுக்கும் தொடக்கத்தில் என்ன கொடுக்கப்பட்டது என்பது அங்கே ‘என்விரான்’ கோப்பில் கிடக்கும். அந்த நிரலை ஓட்டும் பயனரும் ரூட்டும் படிக்கலாம். போஸ்ட்கிரஸ் ஆவணமே, கடவுச்சொல்லை இப்படிக் கொடுக்காதீர்கள், தனிக் கோப்பில் வையுங்கள் என்கிறது.

அளவுக்கும் வரம்பு உண்டு. வழக்கமான லினக்ஸில் ஒரு மாறி, பெயரும் மதிப்புமாகச் சேர்த்து, 128 கிலோபைட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் பிள்ளை நிரல் கிளம்பாது. ‘ஆர்கியுமென்ட் பட்டியல் நீளம்’ என்று பிழை வரும். நீங்கள் ஆர்கியுமென்ட் ஒன்றுகூடக் கொடுத்திருக்க மாட்டீர்கள்.