'ஷல்' என்னும் வினைச்சொல்

ஆங்கில பாஷையில் 'ஷல்' என்பது விநோதமான வினைச்சொல். பிற வினைகளைப்போல் படர்க்கை ஒருமையில் அது விகுதி ஏற்பதில்லை. அதற்கு எச்சங்களும் இல்லை. 1653-ம் ஆண்டில் ஜான் வாலிஸ் என்ற பண்டிதர் லத்தீனில் இயற்றிய ஆங்கில இலக்கணம், அச்சொல் தன்மையிடத்தில் வெறும் எதிர்காலத்தையும், முன்னிலை படர்க்கைகளில் வாக்குறுதியையோ அச்சுறுத்தலையோ குறிக்குமென்று விதித்தது.

பேச்சில் இவ்விதி அருகிவிட்டது. சட்டத்தில் அச்சொல்லின் ஆட்சி ஓயவில்லை. 'மே' என்றிருந்தால் காரியம் அதிகாரியின் இஷ்டம். 'ஷல்' என்றிருந்தால் அது அவர் கடமை. நியாயஸ்தலங்கள் சந்தர்ப்பத்தை நோக்கி ஒன்றை மற்றொன்றாகக் கொள்வதும் உண்டு. ஆகவே வாசகத்தைக் கவனித்துப் படிப்பது அவசியம்.

2002-ல் நம் அரசியலமைப்பில் சேர்க்கப்பட்ட 21-ஏ பிரிவில் இரண்டு சொற்களும் அருகருகே நிற்கின்றன. 6 முதல் 14 வயதுவரையுள்ள குழந்தைகளுக்கு இலவசக் கட்டாயக் கல்வி அளிப்பதற்கு 'ஷல்'. அளிக்கும் முறையை நிர்ணயிப்பதற்கே 'மே'. முறையைக் காரணங்காட்டிக் கல்வியையே மறுக்க இடமில்லை.

ஆதியில் 'ஷல்' என்பதற்குக் கடன்பட்டிருத்தல் என்பதே பொருள். பழைய சட்டத் தமிழ் அதனைக் 'கடவது' என்று வழங்கியது எவ்வளவு பொருத்தம்! கடன் கொடுத்தவன் கைகூப்பி யாசிப்பதில்லை, கேட்டு வாங்குகிறான்.