பனிக்காலத்தில் நிறுத்திவைக்கும் பழைய காரும் அதன் பெட்ரோலும்

பிரிட்டனில் குளிர் முற்றிச் சாலைகளில் பனி உறையாதிருக்க உப்பைத் தூவத் தொடங்கியதும், மோரிஸ் மைனர், எம்.ஜி.பி. போன்ற பழைய கார்களை அருமையாகப் பாதுகாத்துவருவோர், அந்த உப்பு இரும்பைத் தின்றுவிடுமென்று அஞ்சி, வசந்தகாலம் வரையில் அவற்றைக் கொட்டகையில் நிறுத்திவைப்பது நெடுநாள் வழக்கம். உறை போர்த்தி, பாட்டரியைக் கழற்றி, டயர்களுக்குக் காற்றடித்து வைக்கும் அவர்களுள் பலர், டேங்கில் கிடக்கும் பெட்ரோலை மட்டும் மறந்துவிடுகிறார்கள்.

2021 செப்டம்பர் முதல் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் ஆகிய பகுதிகளில் சாதாரணப் பெட்ரோல் என்பது பத்து சதவிகிதம் வரை எத்தனால் கலந்த ஈ10 ஆகிவிட்டது. எத்தனால் ஈரத்தை இழுக்கும் சுபாவமுடையது. ஈரம் அளவுமீறினால், எத்தனால் நீரோடு சேர்ந்து பெட்ரோலினின்று பிரிந்து, டேங்கின் அடியில் தங்கித் தகட்டைத் துருப்பிடிக்கச் செய்யும். பழைய ரப்பர் குழாய்களையும் உப்பவைத்து வெடிப்புவிடச் செய்யும். இதற்கிடையே பெட்ரோலின் லேசான அம்சங்கள் ஆவியாகிவிட, எஞ்சியது காற்றோடு கூடிப் பிசினாகி, கார்புரேட்டரின் நுண்ணிய ஜெட்டுகளை அடைத்துவிடுகிறது. அப்படிப்பட்ட வண்டியின் கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் சேம்பரைத் திறந்தால், பழைய பெயின்ட் வாடை மூக்கைத் துளைக்க, அடியில் பழுப்புப் படலமும் வெண்பொடியாய்ப் பூத்த அரிப்பும் தென்படும். துணியால் துடைத்தால் அந்தப் படலம் போகாது.

பழைய வாகனங்களுக்கு ஈ10 ஒவ்வாதிருக்கலாமென்று அரசாங்கமே எச்சரித்திருப்பதால், பம்பில் ஒட்டியுள்ள அடையாளத்தைப் பார்த்து, விலை சற்று அதிகமாயினும் எத்தனால் குறைந்த ஈ5 ரகத்தையே நிரப்புவது நலம். விரிவதற்குச் சிறிது இடம் விட்டு டேங்கை ஏறக்குறைய நிரப்பி, பெட்ரோலைக் கெடாமல் காக்கும் ஸ்டெபிலைசரைப் புட்டியில் கண்ட அளவுப்படி சேர்த்து, மருந்து கலந்த பெட்ரோல் கார்புரேட்டர் வரை சென்று சேரும்படி எஞ்சினைப் பத்து நிமிஷம் ஓடவிட வேண்டும். சிலர் முற்றிலும் வடித்துவிடுகிறார்கள். வருஷக்கணக்கில் நிறுத்துவதானால் அது சரி, நாலைந்து மாதத்துக்கோ வெறுந்தகடு துருவுக்கு இடங்கொடுக்கும் என்பது என் அபிப்பிராயம். வாராவாரம் ஐந்து நிமிஷம் ஓடவிட்டு அணைப்பதோ, சைலன்சரில் நீர் சேர்ப்பதற்கே உபயோகப்படும்.

வடிப்பதில்தான் பேராபத்து. பெட்ரோல் ஆவி காற்றினும் கனமானதாகையால் பழுதுபார்க்கும் குழியில் இறங்கித் தேங்கும்; பூஜ்யத்துக்குக் கீழே நாற்பது டிகிரியளவிலும் தீப்பற்றவல்ல பொருளுக்குப் பனிக்காலம் ஒரு பாதுகாப்பே அன்று. ஆகவே குழியின் மேல் நின்று ஒருபோதும் வடிக்கலாகாது. வடித்ததைச் சாக்கடையில் கொட்டாமல், அப்புறப்படுத்தும் வழியை உள்ளூர் நகரசபையில் விசாரிக்க வேண்டும். 2014-ஆம் வருஷத்து விதிகளின்படி, உரிய அதிகாரிக்குத் தெரிவிக்காமல் வீட்டில் வைக்கத்தக்க பெட்ரோல் 30 லிட்டரே. பிளாஸ்டிக் கேன் 10 லிட்டரையும் உலோகக் கேன் 20 லிட்டரையும் தாண்டலாகாது.

நாற்பது வயது கடந்த வண்டிகளுள் பெரும்பாலானவற்றுக்கு 2018 மே முதல் வருடாந்தரப் பரிசோதனை கட்டாயமில்லை. சலுகைதான், எனினும் குழாய் கசிவதைக் கண்டு சொல்ல வேறொருவரும் இல்லாமற் போயிற்று.

வேலையை ஒரு கராஜிடம் ஒப்படைப்பவர், எந்தப் பெட்ரோல், எந்த மருந்து, எந்தக் குழாய் என்பதை ரசீதில் எழுதிவாங்குவது அவசியம். நியாயமான கவனமும் திறமையுமின்றிச் செய்த வேலையைச் செலவின்றித் திரும்பச் செய்துதரும்படி கேட்கவும், அது முடியாதபோது கட்டணத்தைக் குறைக்கும்படி கேட்கவும் 2015-ஆம் வருஷத்து நுகர்வோர் உரிமைச் சட்டம் இடமளிக்கிறது. இணங்காவிடில், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பொதுவாக 10,000 பவுண்டு வரையிலான வழக்கைச் சிறு வழக்கு முறையில் வக்கீலின்றியே நடத்தலாம். அங்கே அந்த ரசீதுதான் பேசும்.

சாலைக்கு வராதென்று அரசாங்கத்துக்கு அறிவித்து நிறுத்திய வண்டியை, முன்பதிவு செய்த பரிசோதனைக்குக் கொண்டுசெல்வதன்றி, பழுது தீர்ந்ததா என்று தெருமுனை வரை ஓட்டிப்பார்ப்பதும் குற்றமே. அபராதம் 2,500 பவுண்டு வரை போகலாம்.