பொன்முடிப் பாதையில் ஒரு பாடம்

சில மாதங்களுக்கு முன் நம் சங்கக் குடும்பங்கள் சில சேர்ந்து பொன்முடிக்குச் சென்றிருந்தோம். கல்லாறு தாண்டினால் 22 கொண்டை ஊசி வளைவுகள். ஒரு வளைவில், மேலே சரக்கை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பிக்கொண்டிருந்த சிறிய வண்டி ஒன்று ஒதுங்கி நின்று எங்கள் வேனுக்கு வழிவிட்டது. அருகில் இருந்த நண்பர் கேட்டார்: "சார், என் பையன் பிளஸ் டூ முடிக்கிறான். லாஜிஸ்டிக்ஸ் படிக்கப் போகிறேன் என்கிறான். லாரியில் சாமான் ஏற்றி அனுப்புவதற்கு ஒரு பட்டப்படிப்பா?"

நம் வீடுகள் பலவற்றிலும் இன்று எழுகிற கேள்வி இது. விழிஞ்ஞம் துறைமுகத்துக்கு 2024 ஜூலையில் முதல் பெரிய கொள்கலன் கப்பல் வந்தது. 2025 மே 2 அன்று துறைமுகம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அதனால் இந்தப் படிப்பின் பெயர் எல்லார் காதிலும் விழுகிறது. எனவே நண்பருக்குச் சொன்ன பதிலை இங்கே எழுதுகிறேன்.

சரியான பொருளை, சரியான அளவில், சரியான நேரத்தில், குறைந்த செலவில் சரியான இடத்தில் சேர்ப்பதுதான் லாஜிஸ்டிக்ஸ். கேட்க எளிது. ஆனால் ஒரு வண்டி 10 கடைகளுக்குப் போக வேண்டுமென்றால், எந்த வரிசையில் போவது என்பதற்கு மட்டும் 36,28,800 வழிகள் உண்டு.

இந்தக் கணக்கு பிறந்ததே வேலைத் தலத்தில்தான். பெட்ரோல் கிடங்கிலிருந்து பங்குகளுக்கு லாரிகளை எப்படி அனுப்புவது என்று 1959-இல் டான்ட்சிக், ராம்சர் என்ற இருவர் ஆராய்ந்தார்கள். 1964-இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில், ஒரு கூட்டுறவு மொத்த வியாபார நிறுவனத்தைச் சேர்ந்த கிளார்க்கும், தொழில்நுட்பக் கல்லூரியைச் சேர்ந்த ரைட்டும் சேர்ந்து 'சேமிப்பு முறை' என்ற எளிய வழியை வெளியிட்டார்கள். நிறுவனமும் கல்லூரியும் கைகோத்ததன் பலன் அது.

அந்த முறையை நம் பாதையிலேயே பார்ப்போம். நெடுமங்காட்டில் கிடங்கு. அங்கிருந்து விதுரா சுமார் 18 கி.மீ.; விதுராவிலிருந்து பொன்முடி சுமார் 22 கி.மீ. இரண்டு ஊருக்கும் தனித்தனி வண்டி அனுப்பினால், போகவர 36-ம் 80-ம் சேர்ந்து 116 கி.மீ. ஒரே வண்டி இரண்டையும் முடித்தால் 80 கி.மீ. மிச்சம் 36. இப்படி ஒவ்வொரு ஜோடி ஊருக்கும் மிச்சத்தைக் கணக்கிட்டு, அதிக மிச்சம் தருவதை முதலில் இணைத்துக்கொண்டே போக வேண்டும். அவ்வளவுதான்.

ஆனால் தாளில் வந்த விடை பாதையில் செல்லுமா? பெரிய லாரி இந்த வளைவுகளில் திரும்பச் சிரமப்படும். சிறிய வண்டியில் இரண்டு ஊர்ச் சரக்கும் கொள்ளாமல் போகலாம். மழையில் மண் சரிந்தால் பாதை மூடப்படும். கடைக்காரர் மதியம் சாப்பிடப் போயிருப்பார். இவையெல்லாம் பாடப்புத்தகத்தில் இல்லை. டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து போகிற மாணவனுக்குத்தான் தெரியும்.

அதனால்தான் நல்ல கல்விக்கூடங்கள் மாணவர்களை நிறுவனங்களுக்குள் அனுப்புகின்றன. அமெரிக்காவின் எம்.ஐ.டி. 1916-லேயே வேதிப் பொறியியலில் இத்தகைய பயிற்சிப் பள்ளியைத் தொடங்கியது. நம் நாட்டில் பிலானியில் உள்ள பிட்ஸ் நிறுவனம் 1973-இல் 'பிராக்டிஸ் ஸ்கூல்' திட்டத்தை ஆரம்பித்தது. இரண்டாம் ஆண்டு முடிந்ததும் சுமார் இரண்டு மாதம், கடைசி ஆண்டில் சுமார் ஐந்தரை மாதம் மாணவர்கள் நிறுவனங்களில் இருந்து அங்குள்ள பிரச்சினைகளை எடுத்துச் செய்கிறார்கள். அதற்கு மதிப்பெண்ணும் உண்டு. கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியின் ஐந்தாண்டு 'சாண்ட்விச்' படிப்பும் இந்த வழிதான். போக்குவரத்துக்கென்றே வதோதராவில் ரயில்வே அமைச்சகத்தின் கீழ் 2018-இல் ஒரு கல்வி நிறுவனம் தொடங்கி, 2022-இல் கதி சக்தி விஸ்வவித்யாலயா என்ற மத்தியப் பல்கலைக்கழகமாயிற்று.

இனி என் குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் ரயில்வேயில் இருந்தபோது பயிற்சிக்கு வரும் மாணவர்களைத் தொந்தரவாகவே நினைத்தேன். பழைய அறிக்கை ஒன்றைக் கொடுத்து, "பார்த்து எழுதிக்கொள் தம்பி" என்று சொல்லிச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஒரு பாலிடெக்னிக் மாணவன் மட்டும் அதை வாங்க மறுத்து, "சார், உங்களுக்குத் தீராத பிரச்சினை எதையாவது கொடுங்கள்" என்றான்.

தண்டவாளத்தில் ஜல்லி கொட்ட, ரயில்களை நிறுத்தி எங்களுக்கு இரண்டு மணி நேரம் தருவார்கள். அதற்கு 'பிளாக்' என்று பெயர். வேலை ஒருநாளும் முடியாது. ஆட்கள் போதவில்லை என்றே நான் மேலே எழுதிக்கொண்டிருந்தேன். அவன் ஒரு வாரம் கையில் கடிகாரத்துடன் வெயிலில் நின்றான். ஜல்லி வண்டி தயார், பிளாக்கும் தயார். ஆனால் ஆட்கள் ஏறி வரும் பாசஞ்சர் வண்டி தினமும் சுமார் 40 நிமிடம் பிந்தி வருகிறது என்று எழுதிக் காட்டினான். பிளாக்கை ஒரு மணி நேரம் தள்ளிக் கேட்டோம். வேலை முடிந்தது. ஓர் ஆள்கூடக் கூடுதலாகத் தேவைப்படவில்லை. அன்றிலிருந்து பழைய அறிக்கைகளை அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

ஆகவே, பிள்ளைகளை இந்தப் படிப்பில் சேர்க்கும் பெற்றோர் கட்டடத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். கல்லூரியில் மூன்று கேள்விகள் கேளுங்கள். மாணவர்கள் எத்தனை மாதம் நிறுவனத்தில் இருப்பார்கள்? அவர்களுக்குக் கொடுக்கப்படும் பிரச்சினை அந்த நிறுவனத்துக்கு உண்மையிலேயே உள்ளதா? அவர்கள் சொன்ன தீர்வு எதையாவது நடைமுறைப்படுத்தியிருக்கிறார்களா? மூன்றாவது கேள்விக்கு விடை வராவிட்டால் யோசியுங்கள். பிராஜெக்ட் அறிக்கையைக் காசு கொடுத்து வாங்கலாம். ஆனால் வெயிலில் நின்று கற்ற பாடத்தை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

நண்பரிடம் இதைச் சொல்லி முடிப்பதற்குள் மலையுச்சி வந்துவிட்டது. பின் இருக்கையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வந்த அவருடைய மகன், "மாமா, அந்த வண்டி ஏன் காலியாக இறங்கியது? மேலே தேயிலைத் தோட்டம் இருக்கிறதே, ஏதாவது ஏற்றி வந்திருக்கலாமே?" என்று கேட்டான்.

"தாராளமாகச் சேர்த்துவிடுங்கள்" என்றேன் நண்பரிடம்.